பழைய தெருப் பெயரை எங்கே தேடுவது: பத்திரத்திலா, பதிவேட்டிலா, பெரியவர்களிடமா?

கையில் இருப்பது ஒரு தெருப் பெயர். தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், கொழும்பிலிருந்து வந்த பழைய தபால் உறையில் இருக்கும், இல்லாவிட்டால் ஆச்சி படித்த பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் இருக்கும். இன்றைக்குத் திருநெல்வேலி டவுனிலோ பாளையங்கோட்டையிலோ அந்தப் பெயரில் தெரு கிடையாது. மேப்பில் போட்டுப் பார்த்தால் வேறு ஏதோ மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அடுத்து எங்கே போவது? பெரியவர்களைக் கேட்பதா, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரம் எடுப்பதா, மாநகராட்சிக்கு மனுப் போடுவதா, சென்னைக்கு ரயில் ஏறி ஆவணக் காப்பகத்துக்குப் போவதா? எல்லாவற்றையும் செய்ய நேரமும் பணமும் யாருக்கு இருக்கிறது, அதனால் எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் குடும்பத்துக்குச் சொந்த வீடு இருந்திருந்தால் பத்திரம்தான் முதல் வழி, மற்றதெல்லாம் அதற்குத் துணை. வாடகைக்கு இருந்தவர்கள், புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள், பத்திரம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காத குடும்பங்கள் என்றால் பிறப்பு இறப்புப் பதிவேடும் பள்ளிக்கூட, சர்ச் பதிவேடுகளும்தான் வழி. இரண்டிலும் தெருப் பெயரைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. ஆளையும் மனையையும் பிடித்துக்கொண்டு போனால் தெரு பின்னாலேயே வந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று. தெருப் பெயர் மாறிவிட்டது என்று நாம் சொல்வதில் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, இதில் எது நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகித்துக்கொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம். நகராட்சியில் தீர்மானம் போட்டு ஒரு தலைவரின் பெயரை வைத்தது ஒரு வகை, இதற்குத் தாளில் தடயம் இருக்கும். சாதிப் பெயர் கழன்று மிச்சம் மட்டும் நின்றது இன்னொரு வகை. பெயர் மாறவே மாறாமல் சுருங்கிப்போனதும் உண்டு: டவுனையும் ஜங்ஷனையும் இணைக்கிற சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையை எஸ்.என். ஹை ரோடு என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், தூத்துக்குடியில் வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு டபிள்யூ.ஜி.சி. ரோடு ஆகிவிட்டது, விரித்துச் சொன்னால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். தாளில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருப்பது வேறு. பழைய பத்திரத்தில் வீரராகவபுரம் என்று இருக்கும், கேட்டால் ஜங்ஷன் என்பார்கள். இதற்கு நேர் எதிரானதும் நம்மிடம் இருக்கிறது. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பாளையங்கோட்டைக்குக் கிழக்கே கே.டி.சி. நகர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதற்கெல்லாம் மேலே கதவு எண். பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும், சில வீடுகளுக்கு மூன்றுகூட இருக்கும். 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கியபோது, அதுவரை தனித்தனியாக இருந்த ஊர்களின் தெருக்களெல்லாம் ஒரே பட்டியலுக்குள் வந்தன. பழைய தாளில் வார்டு எண் இருந்தால் அது எந்த நகராட்சியின் வார்டு என்று தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. நடுத்தெரு, கீழத்தெரு, பிள்ளையார் கோவில் தெரு என்ற பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை இல்லாத ஊர் தாமிரபரணிக் கரையில் இல்லை. ஊர்ப் பெயர், முடிந்தால் தாலுகா பெயர், இரண்டும் இல்லாத தெருப் பெயரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பெரியவர்களைக் கேட்பது செலவில்லாத வழி, தள்ளிப்போட முடியாத வழியும்கூட. பத்திரம் அடுத்த வருஷமும் அலுவலகத்தில் இருக்கும், எண்பத்தைந்து வயது அண்ணாச்சி இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முந்திச் செய்துவிடுங்கள். ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. தெருப் பெயரைச் சொல்லி அது எங்கே என்று கேட்டால், "அப்படி ஒரு தெருவே கெடையாதே தம்பி" என்று வந்துவிடும். அவர்களுக்குத் தெருவைப் பெயராகத் தெரியாது, இடமாகத்தான் தெரியும். இன்னாருடைய எண்ணெய்ச் செக்கு எங்கே இருந்தது, நெல் குத்தும் மில் எந்தப் பக்கம், தேர் நிற்கிற இடத்திலிருந்து எத்தனையாவது சந்து என்று கேட்டுப் பாருங்கள். "செக்கா? அது இந்தப் பொறத்தால உள்ள சந்துல்லா இருந்துச்சு" என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர், பரம்பரையாக ஒரே தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவர், கோயில் நாள்கட்டளைக்கு வரி பிரித்தவர், இவர்களுடைய ஞாபகம் வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களுடையதைவிட உறுதியாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் வீடுவீடாக நடந்தவர்கள். குறை என்னவென்றால் வருஷம் சொல்வதில் நிலைக்காது. அதோடு இரண்டு தலைமுறைக்கு முந்தைய பெயர் அவர்களுக்கும் காதால் கேட்டதுதான்.

பத்திரம் வேறு மாதிரி. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பலரும் வில்லங்கச் சான்றை இணையத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் வருவது பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையது. குடும்ப வரலாற்றுக்கு வேண்டியது அதற்கு முந்தையது, அதை அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பத்திர எழுத்தர்கள் மேனுவல் ஈ.சி. என்பார்கள்.

1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் நமக்கு இரண்டு பெரிய உதவிகளைச் செய்து வைத்திருக்கிறது. ஒன்று, அதன் 21-ஆம் பிரிவு. ஊருக்குள் இருக்கும் வீட்டை எழுதும்போது அது எந்தத் தெருவில் எந்தப் பக்கம் இருக்கிறது, இப்போது யார் குடியிருக்கிறார், முன்னால் யார் குடியிருந்தார், தெருவில் எண் போட்டிருந்தால் என்ன எண் என்று குறிக்கச் சொல்கிறது. அதனால்தான் நம் பழைய பத்திரங்களின் சொத்து விவரம் அத்தனை வளமாக இருக்கிறது. இந்த ஜில்லா, இந்தத் தாலுகா, இந்த ஊர், இன்ன தெரு மேலச்சிறகில் கிழக்குப் பார்த்த வீடு என்று தொடங்கி, இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு, தெருவுக்கு மேற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று நான்கெல்லை சொல்லி, கிணற்றில் தண்ணீர் எடுக்கிற பாத்தியம், பொதுச் சுவர், நடைபாதை வரை எழுதியிருப்பார்கள். தெருப் பெயர் மாறினாலும் இந்த நான்கெல்லை ஒரே நாளில் மாறாது. வடக்கே ஒரு வீடு கைமாறும், பத்து வருஷம் கழித்துத் தெற்கே ஒன்று. 1920-இல் எழுதிய பத்திரத்தையும் 1950-இல் எழுதியதையும் 1980-இல் எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மூன்று எல்லை அப்படியே இருக்க, தெருப் பெயர் மட்டும் மாறியிருப்பது பளிச்சென்று தெரியும். எந்த இரண்டு பத்திரங்களுக்கு நடுவில் மாறியது என்றும் கிடைத்துவிடும். வேறு எந்த ஆவணமும் இதை இவ்வளவு சுத்தமாகத் தருவதில்லை.

இரண்டாவது உதவி அட்டவணை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் சொத்துவாரியாக இன்னொன்றும் இருக்கும். சொத்து அட்டவணையில் தேட சர்வே எண்ணோ தெருவோ வேண்டும், அதுதான் நம்மிடம் இல்லை. பெயர் அட்டவணையில் தாத்தாவின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் தோராயமான வருஷமும் போதும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் அதில் ஏறியிருக்கும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறுகிற முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம், வாரிசுச் சான்று கேட்டு நிறுத்த வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதை விடாதீர்கள். கிரயப் பத்திரம் ஒரு வீட்டைச் சொல்லும், பாகப்பிரிவினை ஒரு குடும்பத்தையே சொல்லும்.

படிக்கும்போது வருஷக் கணக்கில் கவனம் வேண்டும். நம் பக்கத்துப் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். அதோடு 825-ஐக் கூட்டினால் நம் வருஷம், ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை என்றால் 824. கொல்லம் 1080 தை என்றால் 1905. வருவாய்த் துறைத் தாள் என்றால் பசலி, அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்குகிற வருஷம் வரும், தொடக்கம் ஜூலை மாதம். இது தெரியாமல் ஒரு தலைமுறையையே இடம் மாற்றி வைத்துவிட்ட குடும்ப மரங்கள் நிறைய உண்டு.

பத்திரத்தின் பெரிய குறை, அது சொத்து உள்ளவர்களின் ஆவணம் என்பதுதான். நூறு ரூபாய்க்குக் குறைந்த சொத்தை விற்றால் பதிவு செய்யத் தேவையில்லை என்பது அன்றைய சட்டம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மண்சுவர் வீடு நூறு ரூபாய் போயிருக்குமா? அப்படியானால் ஏழைத் தெருக்களில் பாதிக் கைமாற்றங்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெயர் அதிகமாக மாறியதும் அந்தத் தெருக்களில்தான்.

அவர்களுக்கான வழி பதிவேடுகள். நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் வாடகைக்காரர், சொந்த வீட்டுக்காரர் என்ற பேதம் இல்லை. குழந்தை பிறந்தது எந்தத் தெரு, தகப்பன் யார், என்ன தொழில் என்று ஒரே வரியில் இருக்கும். 1969-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்துக்கு முன்பே 1899-இல் மெட்ராஸ் மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் இருந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்திருப்பார்கள் என்பதால் தகப்பன் பெயரை வைத்துத் தேட வேண்டும். அண்ணன் தம்பி நான்கு பேரின் பிறப்பை வரிசையாக எடுத்தால் ஒரே வீட்டுக்கு முதலில் ஒரு தெருப் பெயரும் பிறகு இன்னொன்றும் வருவதைப் பார்க்கலாம். அல்லது வீடே மாறியிருக்கலாம், அதையும் கதவு எண்ணோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடும் நல்லதுதான், ஆனால் பழைய பதிவேட்டைக் கறையான் தின்னாமல் வைத்திருக்கும் பள்ளியாக அமைய வேண்டும், காட்டுவதற்கு மனசு உள்ள தலைமையாசிரியரும் அமைய வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சீமையில் கிடைத்திருக்கிற வசதி வேறு பல ஜில்லாக்களில் இல்லை. பாளையங்கோட்டைச் சபையில் குளோரிந்தா அம்மையார் பெயரை முதலில் வைத்து 40 பேர் கொண்ட பட்டியல் 1780-லேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கப்புறம் மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1820 தொடங்கி, சபைகள் பெருகப் பெருகப் பதிவேடுகளும் பெருகின. ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர், ஊர், பல சமயம் தொழில் எல்லாம் இருக்கும். இங்கே சிக்கல் வேறு: தெருவோடு சேர்ந்து ஆளின் பெயரும் மாறியிருக்கும், ஊரே புதிதாக உண்டாகிப் புதுப் பெயர் வாங்கியிருக்கும், டோனாவூர், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் போல. ஆங்கிலத்தில் எழுதிய பதிவேட்டில் பாளையங்கோட்டை பாளம்கோட்டா என்றும் திருநெல்வேலி தின்னவேலி என்றும் இருக்கும், அந்த எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டும்.

பத்திரத்துக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, அதுதான் நகர அளவைப் பதிவேடு. வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) நம்பர் என்று இருக்குமே அது. பழைய சர்வே எண் எந்த டி.எஸ். நம்பராக ஆனது என்கிற ஒப்புப் பட்டியலும் நில அளவைப் பிரிவில் உண்டு. தெருவுக்கு நூறு பெயர் வைத்தாலும் மனைக்கு இந்த எண் எளிதில் மாறாது. ஆனால் இதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன், எண் கைக்கு வந்த பிறகு இன்றைய வரைபடத்தில் இடத்தைக் குத்திக் காட்டத்தான் இது. நத்தமும் புறம்போக்கும் மொத்தமாக ஒரே எண்ணில் கிடக்கும் இடங்களில் இதுவும் கைவிடும்.

மாநகராட்சியில் கேட்க வேண்டியது வீட்டு வரிப் பதிவேடும் பெயர் மாற்றத் தீர்மானமும். சும்மா போய்க் கேட்டால் பழசெல்லாம் இல்லை என்ற பதில்தான் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இன்ன வார்டில் இன்ன தெரு என்று இப்போது வழங்கும் தெருவுக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்ட தீர்மானத்தின் எண், தேதி, நகல். புதுப் பெயர் தெரிந்து பழைய பெயரை உறுதி செய்ய இது நன்றாக உதவும். பழைய பெயர் மட்டும் தெரிந்தவர்களுக்கு உதவாது, ஏனென்றால் அவர்களிடம் அந்தத் திசையில் பட்டியலே கிடையாது.

வாக்காளர் பட்டியல் பற்றிச் சுருக்கமாக. 2025 கடைசியில் தீவிரத் திருத்தம் நடந்தபோது 2002, 2005 பட்டியல்களை எல்லாரும் தேடினோம். அதில் பாகம் பாகமாகத் தெருப் பெயரும் கதவு எண்ணும் தகப்பன் அல்லது கணவன் பெயரும் இருக்கின்றன. பல தெருக்கள் பழைய பெயரிலேயே இருக்கும். இருபது, முப்பது வருஷத்துக்குள் நடந்த மாற்றத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை, அதற்கு முந்தைய காலத்துக்குப் பிரயோஜனம் குறைவு.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தைக் கடைசியில் வைக்கிறேன். கலெக்டர் அலுவலகக் கடிதங்கள், அரசாணைகள், கெசட்டுகள், பேட் என்பவர் எழுதி 1917-இல் வந்த திருநெல்வேலி கெசட்டியர், அதற்கு முன் ஸ்டூவர்ட் எழுதி 1879-இல் வந்த ஜில்லா மேனுவல் எல்லாம் ஊர் வரலாறு எழுதுபவருக்குப் பொக்கிஷம். ஒரு குடும்பத்தின் ஒரு வீட்டைத் தேடி அங்கே போனால் அந்த வீடு அகப்படாது. ஒரு பேட்டை எப்படி உண்டானது, ஒரு சாலை எந்தக் காலத்தில் போட்டார்கள் என்று கேட்பவர்கள் போகலாம்.

எந்த வழியில் போனாலும் எல்லை மாற்றத்தை மறக்கக் கூடாது. 1986 அக்டோபர் வரை தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது, அங்கத்துப் பழைய ஆவணம் நம் மெட்ராஸ் முறையில் இருக்காது, மலையாளம் படிக்க ஆள் வேண்டியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கம் 1910 வரை நம் ஜில்லாவில் இருந்தது. தென்காசி 2019-இல் தனி மாவட்டம் ஆனது. மாவட்டப் பெயரே கொஞ்ச காலம் திருநெல்வேலிக்கு நெல்லை கட்டபொம்மன் என்றும் தூத்துக்குடிக்குச் சிதம்பரனார் என்றும் இருந்து 1997-இல் திரும்பியது. ஆகவே தாளில் என்ன ஜில்லா போட்டிருக்கிறது என்பதே அது எந்தக் காலத்துத் தாள் என்பதற்கு ஒரு சாட்சி.

கடைசியாக, அவசரமான ஒரு விஷயம். சாதிப் பெயர்களைத் தெருக்களிலிருந்து எடுப்பது 1970-களின் கடைசியிலேயே தொடங்கியது, 2025 அக்டோபரில் அரசு அதற்கு மறுபடி ஆணை போட்டிருக்கிறது, காலனி என்ற சொல்லையும் நீக்குவதாக அந்த வருஷம் ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இது வர வேண்டிய மாற்றம், முகவரியைச் சொன்ன உடனே ஒருவருடைய சாதியை அளக்கிற நிலைமை ஒழியட்டும். அதே சமயம் யாரைத் தனியே ஒதுக்கி வைத்தார்கள், எந்தக் குடும்பம் எங்கிருந்து எழுந்து வந்தது என்பதற்கு அந்தப் பழைய பெயர்தான் பல வீடுகளில் இருக்கும் ஒரே ஆதாரம். பலகையில் அது இருக்கக் கூடாது, ஆவணத்தில் இருந்தே ஆக வேண்டும். மாற்றுகிறபோதே பழைய பெயர், புதுப் பெயர், டி.எஸ். நம்பர், தீர்மானத் தேதி நான்கையும் ஒரே தாளில் எழுதி நூலகத்தில் ஒரு படி வைத்தால் இன்னும் ஐம்பது வருஷம் கழித்து யாரும் அலைய வேண்டாம். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதைக் கேட்க முடியும், கேளுங்கள். அவர் செய்யாவிட்டாலும் உங்கள் தெரு ஒன்றுக்காவது நீங்கள் எழுதி வைக்கலாம்: பழைய மின் கட்டண அட்டை, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு மூன்றிலும் பழைய முகவரி இருக்கும், அவற்றை வெளியே போடும் முன் படம் எடுத்து, பின்னால் தேதியும் இடமும் குறித்து வையுங்கள்.